திருகோணமலை ஏன் சுற்றாடல் பேச்சை நம்புவதில்லை

திருகோணமலையில் சுற்றாடல் பற்றி ஒரு கூட்டம் வைத்தால் கதிரைகள் நிரம்பிவிடும். பதாகை இருக்கும், தேநீர் இருக்கும், மரக்கன்றோடு படம் எடுத்துக்கொள்வார்கள். உண்மையான பேச்சு, கூட்டம் முடிந்து வாசலில் மோட்டார் சைக்கிளைத் திருப்பும்போதுதான் தொடங்கும். "கடலுக்கு முன்னால் மனிதன் என்ன தூசு, தம்பி?" என்பார் ஒருவர். "புகையை விட்டுப் பணக்காரன் ஆனவன் அவன், மரம் நட வேண்டியவர்கள் நாமா?" என்பார் இன்னொருவர். "எல்லாம் புரொஜெக்ட் காசு" என்று மூன்றாமவர் முடித்துவைப்பார்.

இவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது சுற்றாடல் ஆர்வலர்களிடம் ஊறிப்போன பழக்கம். அது சோம்பேறித்தனம் என்பது என் கட்சி. இந்த அவநம்பிக்கையில் பாதி, மாவட்டம் அடிபட்டுக் கற்றது. அதற்கு ஆண்டும் மாதமும் வர்த்தமானியும் உண்டு. மறுபாதி, வேறொரு நாட்டில் யாருக்கோ தைத்த சட்டை. கைப்பேசி வழியாக வந்து இங்கே அணியப்படுகிறது. இரண்டும் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிட்டன. ஆட்கள் மீது எழுந்த நியாயமான சந்தேகம், வெப்பமானி மீதான சந்தேகமாக மாறியது அப்படித்தான்.

அடிபட்ட கதைகளில் முதலிடம் உரத்துக்கு. 2021 ஏப்ரலில் அறிவித்து, மே மாதம் வர்த்தமானியில் வெளியிட்டு, இரசாயன உரத்தின் இறக்குமதியை அரசு ஒரே வீச்சில் தடைசெய்தது. நஞ்சற்ற உணவு, சிறுநீரக நோய், மண்வளம், முழுவதும் சேதன விவசாயத்துக்கு மாறும் உலகின் முதல் நாடு என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்த காலம் அது; டொலரை மிச்சம் பிடிப்பதே உள்நோக்கம் என்று பலர் அப்போதே சொன்னார்கள். எதுவாக இருந்தாலும், விவசாயியின் காதில் விழுந்தது சுற்றாடல் என்ற பெயர்தான்.

கந்தளாய், தம்பலகாமம், மூதூர், கிண்ணியா வயல்காரர்களுக்கு அந்தப் பெரும்போகம் மறக்காது. கணக்கு மிக எளிது. 50 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் நைதரசன், அதாவது 23 கிலோ. நல்ல கூட்டெருவில் நைதரசன் ஒன்று முதல் இரண்டு சதவீதம் இருந்தாலே பெரிது. ஒரு மூட்டை யூரியாவின் நைதரசனைக் கூட்டெருவாக வயலில் சேர்க்க வேண்டுமானால் ஏறத்தாழ ஒன்றரைத் தொன் வேண்டும். அதுவும் உடனே பயிருக்குக் கிடைக்காது. மண்ணில் உக்கி மெல்ல மெல்ல வெளிவரும். மூன்றரை மாத நெல்லுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மாவட்டம் முழுவதுக்கும் அத்தனை தொன் எருவை யார் செய்தது, எந்த லொறியில் ஏற்றியது? கமநல சேவை நிலையத்தில் கேட்டவர்களுக்குப் போத்தலில் திரவம் கிடைத்தது, வாக்குறுதி கிடைத்தது. வயலில் அடியிலைகள் முதலில் வெளிறின, பிறகு நுனியிலிருந்து மஞ்சளாகிக் காய்ந்தன. தூர் கட்டாத பயிர் குட்டையாக நின்றபடியே கதிர் தள்ளியது.

2021 நவம்பரில் தடை விலக்கப்பட்டது. பெரும்போகத்து விதைப்பு அதற்குள் நடந்துகொண்டிருந்தது; உரமோ நாட்டில் இல்லை. அந்தப் போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்திய ஆண்டின் பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அரசு விவசாயிகளுக்கு இழப்பீடு அறிவித்தது, வெளிநாட்டிலிருந்து அரிசி இறக்கியது. அடுத்த ஆண்டு யூரியா மூட்டை பல பத்தாயிரம் ரூபாய்க்கு விற்றது.

இதற்குப் பிறகு "இரசாயனம் மண்ணைக் கொல்கிறது" என்று ஒருவர் ஒலிபெருக்கியில் சொன்னால், தம்பலகாமத்து விவசாயி எழுந்து போவதில் என்ன வியப்பு? ஆனால் இந்தக் கதையில் எளிதில் விடுபட்டுப்போகும் ஒரு துண்டு உண்டு. அந்தத் தடையை எதிர்த்து முதலில் எழுதியவர்கள் மண்ணையும் பயிரையும் அளந்து வாழ்பவர்கள்: பேராதனை உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் விவசாய விஞ்ஞானிகள். விளைச்சல் விழும் என்று அவர்கள் அறுவடைக்கு முன்பே எச்சரித்தார்கள். அரசு அவர்களைக் கேட்கவில்லை. 2021 இல் தோற்றது ஒரு கோஷம். அளவீடு ஜெயித்தது, யாரும் அதற்கு மாலை போடவில்லை.

இரண்டாவது அடி இன்னும் பழையது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் வீடு கட்டத் தடைவலயம் அறிவித்தார்கள்: தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அதே கடல், அதே அலை, இங்கே மட்டும் ஏன் இரட்டிப்பு என்று கேட்டவர்களுக்கு யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. வள்ளத்தையும் வலையையும் வாசலிலிருந்து பார்த்து வாழ்ந்தவர்களை உள்ளே போகச் சொன்னார்கள். சுற்றுலா விடுதிகளுக்கு விதி இளகியது என்ற குற்றச்சாட்டு கரையோரம் முழுவதும் எழுந்தது. பின்னர் அந்தத் தூரங்கள் மாற்றப்பட்டன. ஆனால் "பாதுகாப்பு வலயம் என்றால் மீனவனை எழுப்பிவிட்டு வேறு யாருக்கோ இடம் பிடிப்பது" என்ற பாடம் மாறவில்லை. அந்த நாட்களில் சுனாமியை இயற்கையின் பழிவாங்கல் என்று மேடையில் பேசியவர்களும் உண்டு. சுமாத்ராவுக்கு அருகே கடலடியில் தட்டு நழுவியதற்கும் நம் பொலித்தீன் பைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இப்படிப்பட்ட பேச்சுகளும் சேர்ந்துதான் நம்பிக்கையைக் கெடுத்தன.

அதே சுனாமிக்குப் பின், கரையோரச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களை நடும் அலை ஒன்று அடித்தது. நன்கொடை வந்தது, பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள், சேற்றில் வரிசையாகக் கன்று ஊன்றினார்கள். இலங்கையில் இப்படி நட்ட 23 இடங்களைத் தேடிப் போய்ப் பார்த்த ஓர் ஆய்வு 2017 இல் வெளியானது. நட்டது 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். நிலைத்தது ஏறத்தாழ 200. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. தண்ணீர் நிற்கும் உயரத்தைப் பார்க்காமல் நட்டார்கள், நட்டதைத் திரும்பிப் பார்க்கவில்லை, மாடு மேய்ந்தது. "புரொஜெக்ட் காசு" என்று வாசலில் நின்று சொன்னவரின் ஊகத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. இந்தச் சான்றையும் கணக்கெடுத்துக் கொடுத்தவர்கள் கண்டலைப் படிக்கும் ஆய்வாளர்கள்தான் என்பதை அவரிடம் சொல்ல ஆசை.

பிறகு எல்லைக்கற்கள். போரில் இடம்பெயர்ந்தவர்களின் வயல்களும் மேட்டுநிலங்களும் பத்து இருபது ஆண்டுகளில் பற்றைக்காடாகின. செய்மதிப் படத்தில் அது காடு. உறுதிப்பத்திரத்தில் அது வயல். திரும்பி வந்தவர்கள் தங்கள் வரம்பில் காட்டின் எல்லைக்கல் நடப்பட்டிருப்பதைக் கண்டார்கள். வடக்கு கிழக்கு முழுவதும் இந்தப் புகார் உண்டு, குச்சவெளிப் பக்கத்திலும் உண்டு. காட்டைக் காப்பதும் ஒரு சமூகத்தின் நிலத்தைச் சுருக்குவதும் ஒரே கோப்பில் நடக்க முடியும் என்று அனுபவத்தில் கண்டவரிடம் போய் "காடு நம் தாய்" என்று பாடினால் அவர் சிரிக்கத்தான் செய்வார்.

இந்த இடத்தில் சுற்றாடல்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மனிதன் கைபடாத இயற்கை என்று அவர்கள் வரைந்து காட்டும் படம் இந்த மாவட்டத்துக்குப் பொருந்தாது. கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் என்ற மன்னன் பெயரோடு சேர்த்துச் சொல்வது நம் மரபு. யார் கட்டியிருந்தாலும், ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இங்கே யானை தண்ணீர் குடிப்பது மனிதன் மறித்த அணையில். உலர்வலயத்தின் காடு, குளம், வயல் மூன்றும் ஒன்றை ஒன்று பார்த்து வளர்ந்தவை. மனிதத் தாக்கம் என்றாலே நாசம் என்று எண்ணுபவர்கள் வரலாற்றில் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இனி இறக்குமதிச் சரக்குக்கு வருவோம். அதில் இலங்கையின் பெயரையே தாங்கி வருவது டீடீரீ என்ற பூச்சிமருந்தின் கதை. சுற்றாடல் இயக்கம் எத்தனை உயிரைக் குடித்தது என்பதற்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது நம் நாடு. கதை இப்படிப் போகும்: டீடீரீ தெளித்து இலங்கை மலேரியாவை ஒழித்தது, 1962 இல் ரேச்சல் கார்சன் பூச்சிமருந்துகளைப் பற்றி எழுதிய நூலால் பயந்து மருந்தை நிறுத்தியது, இலட்சக்கணக்கானோர் மீண்டும் காய்ச்சலில் விழுந்தார்கள். இப்போது அது தமிழ்க் காணொளிகளிலும் சுற்றுகிறது.

பாதி உண்மை. உலர்வலயத்தில் மலேரியா என்றால் என்ன என்று முன்னோருக்குத் தெரியும். 1934, 35 கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். 1940களின் நடுப்பகுதியிலிருந்து வீட்டுச் சுவர்களில் டீடீரீ அடித்தார்கள். 1963 இல் நாடு முழுவதும் பதிவான நோயாளிகள் 17 பேர் மட்டும். 1964 இல் தெளிப்பு நிறுத்தப்பட்டது. 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தது. எண்கள் எல்லாம் சரி.

காரணம்தான் பொய். 17 பேர் என்ற எண்ணைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைத்தார்கள். செலவைக் குறைக்க வேண்டியும் இருந்தது. அதனால் நிறுத்தினார்கள். அமெரிக்கா டீடீரீயைத் தடைசெய்தது 1972 இல். இங்கே நோய் பெருகியது அதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் முன்னால். நோய் திரும்பியதும் இலங்கை மறுபடி டீடீரீயைத்தான் எடுத்தது. ஆனால் நுளம்பு அதற்குள் பழகிவிட்டிருந்தது. மருந்து முன்போல் வேலை செய்யவில்லை. 1977 இல் மலத்தியன் என்ற வேறொரு பூச்சிமருந்துக்கு மாறினார்கள். இறுதியில் மலேரியா போனது ஒரே ஒரு மருந்தால் அல்ல: காய்ச்சல்காரரைத் தேடிப் போய் இரத்தம் பரிசோதித்தார்கள், மருந்து கொடுத்தார்கள், நுளம்பு வலை பகிர்ந்தார்கள், போருக்கு நடுவிலும் அந்த வேலையை விடவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நம் வீட்டுச் சுவரில் நடந்ததை நமக்கே மாற்றிச் சொல்லும் கதையை, தேதியைக்கூடப் பார்க்காமல் பகிர்வது எனக்குக் கொஞ்சம் எரிச்சலான விஷயம்.

"மனிதன் தூசு" வாதம் இதைவிட மரியாதைக்குரியது. அதில் கடலைப் பார்த்து வாழ்ந்தவரின் அடக்கம் இருக்கிறது. பூமிக்கு 450 கோடி ஆண்டு வயது. ஐந்து பேரழிவுகளைக் கண்டு மீண்டிருக்கிறது. நாம் போனாலும் அது சுற்றும். மறுக்க ஏதுமில்லை. ஆனால் இங்கே யாரும் பூமியின் உயிரைக் காப்பாற்றப் போராடவில்லை. கொட்டியாரக் குடாவின் மீன், வெருகலின் வயல், நிலாவெளியின் முருகைக்கல் ஆகியவற்றின் அளவில்தான் நாம் வாழ்கிறோம். அந்த அளவில் மனிதன் தூசு இல்லை.

நீலத்திமிங்கிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களின் தொடக்கத்தில் டியூலிப் என்ற ஆய்வுப் படகு திருகோணமலைக்கு அப்பால் அவற்றைக் கண்டு உலகுக்குச் சொன்னது. கரைக்கு இவ்வளவு அருகே ஆழ்கடல் பள்ளத்தாக்கு இருப்பதால் பூமியின் மிகப் பெரிய விலங்கு இங்கே கண்ணுக்கு எட்டும் தூரத்தில் வருகிறது. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பு, 1960களில், சோவியத் வேட்டைக் கப்பல்கள் வட இந்து சமுத்திரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத்திமிங்கிலங்களைக் கொன்றன. அவர்கள் வந்துபோனது நான்கைந்து ஆண்டுகள்தான். 1979 இல் இந்து சமுத்திரம் திமிங்கிலங்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இன்று பருவத்தில் வெளிநாட்டவரை ஏற்றிப்போய்த் திமிங்கிலம் காட்டிப் பிழைக்கும் படகோட்டிகள், அந்த அறிவிப்பின் வட்டியில் வாழ்கிறார்கள்.

இன்னும் அருகே வர வேண்டுமானால் வெடி. 1996ஆம் ஆண்டு 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் டைனமைட்டால் மீன் பிடிப்பதைத் தடுக்கிறது. ஆனாலும் இந்தக் கரையில் அது ஓயவில்லை. ஒரு வெடி, சில விநாடி. அதிர்வில் மீனின் காற்றுப்பை வெடித்துப் பெரும்பகுதி அடியில் அமிழ்ந்துவிடும். மிதப்பதை மட்டும் அள்ளுவார்கள். சந்தையில் வாங்கிப் பழகிய பெண்கள் கையில் எடுத்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள்: நடுமுள் நொறுங்கியிருக்கும், தசை குழைந்திருக்கும், வயிற்றைக் கீறினால் இரத்தம் கட்டியிருக்கும். அடியில் உடைந்த முருகைக்கல்லில் பெரிய உருண்டை வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் வளரும். நூறு ஆண்டுக் கல்லை ஒரு போத்தல் அளவு வெடிமருந்து உடைக்கிறது. கடல் பெரியது என்பது உண்மை. மீன் குஞ்சு பொரித்து வளரும் இடம் அவ்வளவு பெரியது அல்ல.

கடல்கோள் கதையும் அடிக்கடி வரும். குமரிக் கண்டத்தைக் கடல் கொண்டபோது எந்த மோட்டார் வாகனம் ஓடியது என்பார்கள். கண்டம் இருந்ததோ இல்லையோ, கடல் ஏறியது உண்மை: ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது, இலங்கையும் இந்தியாவும் தரையால் இணைந்திருந்தன. பூமியின் சுற்றுப்பாதை மெல்ல மாறி, பனி உருகி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நீர் ஏறியது. இயற்கை தானாகவும் மாறும் என்பதை அறிவியல் மறைக்கவில்லை. நமக்குச் சொன்னதே அதுதான். கோணேசர் கோயில் மலையடியில் முக்குளிப்பவர்கள் காணும் தூண்களைக் காட்டி "பாருங்கள், கடல் கொண்டது" என்பவர்களும் உண்டு. அவை கடல் கொண்டவை அல்ல. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். கற்களில் ஒரு பகுதி கோட்டைக்குப் போயிற்று, ஒரு பகுதி செங்குத்துப் பாறையிலிருந்து கடலுக்குள் விழுந்தது. இயற்கையின் கணக்கில் எழுதப்படும் சில விஷயங்களை மனிதக் கை செய்திருக்கும் என்பதற்கு நம்மூரிலேயே சாட்சி கிடக்கிறது.

அப்படியானால் இப்போது நடக்கும் வெப்பமாற்றம் யார் கை என்று எப்படித் தெரியும்? ஊகத்தால் அல்ல. ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958 இல் அளக்கத் தொடங்கியபோது வளியில் பத்து இலட்சத்துக்கு 315 பங்கு காபனீரொட்சைட்டு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கைத்தொழில் புரட்சிக்கு முன் 280. எரிமலைதான் காரணம் என்பார்கள். எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் விடுவது, நாம் எரிப்பதால் வருவதில் நூற்றில் ஒன்றுகூட இல்லை. மேலும் நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்தவை. காலப்போக்கில் சிதைந்து மறையும் காபன் 14 என்ற வகை அவற்றில் மிஞ்சாது. வளியிலுள்ள காபனில் அந்தப் பழைய, காபன் 14 இல்லாத பங்கு கூடிக்கொண்டே போவதை ஆய்வுக்கூடத்தில் அளக்கலாம். சூரியன் சூடேறியதுதான் காரணம் என்றால் வானத்தின் மேலடுக்கும் சூடேற வேண்டும். அளந்து பார்த்தால் கீழே சூடேறுகிறது, மேலே படைமண்டலம் குளிர்கிறது. வெப்பத்தைக் கீழே பிடித்து வைக்கும் வாயுவின் அடையாளம் அது. "வளியில் 0.04 சதவீதமே உள்ள வாயு என்ன செய்துவிடும்?" என்ற கேள்விக்கு ஜான் டிண்டல் என்ற விஞ்ஞானி 1859 இலேயே குழாயில் வாயுவை அடைத்துப் பரிசோதித்துப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். அப்போது எந்த அரசுசாரா நிறுவனமும் இருக்கவில்லை.

புறாமலை இந்த வாதத்துக்கு ஒரு நல்ல களம். நிலாவெளிக்கு எதிரே ஒரு கிலோமீற்றர் தூரத்தில் உள்ள அந்தத் தீவு பிரித்தானியர் காலத்தில் பீரங்கிப் பயிற்சிக்கான இலக்கு. 1963 இல் சரணாலயமாகி, 2003 இல் தேசியப் பூங்காவானது. குண்டு விழுந்தும் கல் பிழைத்துக்கொண்டது, இனி வெயிலுக்கா சாகும் என்பது கேட்பதற்கு அழகான வாதம். 1998 இல் உலகெங்கும் முருகைக்கல் வெளுத்தபோதுகூட, தென்மேற்குக் கரை பெரிதும் அழிய, திருகோணமலைக் கரை தப்பியது. சந்தேகவாதிக்கு இன்னொரு புள்ளி. ஆனால் அடிபட்ட கல் மீள்வதற்கு வேண்டியது இடைவெளி. வழக்கமான கோடை உச்சத்தைவிட நீர் ஒரு பாகை கூடிச் சில வாரம் நின்றாலே முருகை தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். 1998க்குப் பின் 2010. பிறகு 2014 முதல் 2017 வரை. பிறகு 2023 இல் தொடங்கி, 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளுப்பு என்று உறுதிசெய்யப்பட்டது. பீரங்கிக்குப் பயிற்சி முடியும் நாள் உண்டு. 2019 இல் கிழக்குக் கரையும் வெளுத்தது.

இங்கே சுற்றுலாவுக்கும் பங்கு உண்டு. கல்லின் மேல் காலூன்றி நின்று படம் எடுப்பவர்களை விரட்ட ஆளில்லை. கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் திரியும் புள்ளிமான்களின் நிலையும் இதுவே. சோற்றுப் பொதி சுற்றும் லஞ்ச் ஷீட் என்ற மெல்லிய பொலித்தீன் தாள் 2017 செப்டெம்பர் முதல் சட்டப்படி தடை. சோற்றுப் பருக்கையும் கறியும் ஒட்டிய அந்தத் தாளை மான் மடித்து மெல்லும். அசைபோடும் வயிற்றில் அது வெளியேற வழியின்றித் தங்கிவிடும். வயிறு நிறைந்தபடியே விலங்கு மெலியும். வர்த்தமானி மானுக்கு எட்டவில்லை. சட்டம் போட்டால் போதும் என்று நினைக்கும் அரசுகளே அவநம்பிக்கையை வளர்ப்பதில் முதலிடம் பெறுகின்றன.

புயல் வாதத்துக்கு வயதானவர்களிடம் மறுப்பில்லாத சாட்சி இருக்கிறது: 1964 டிசம்பர் 22. தனுஷ்கோடியை அழித்த அந்தப் புயல் திருகோணமலையை உடைத்துக்கொண்டுதான் போனது. "அப்போதும் அடித்தது, இப்போதும் அடிக்கிறது." 2020 டிசம்பரில் புரெவி குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையே கரையேறியது, 2025 நவம்பர் இறுதியில் தித்வா நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது, மகாவலி பெருகி மூதூரும் வெருகலும் நீரில் நின்றன. எந்த ஒரு புயலையும் மனிதன் பெற்றெடுத்தான் என்று சொல்ல முடியாது, சொல்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். சொல்லக்கூடியது இது: ஒரு பாகை சூடேறிய வளி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதே புயல் வந்தாலும் கொட்டும் நீர் கூடும். அந்த நீர் மலையிலிருந்து வெருகலுக்கு வந்துசேரும் வழியில் எத்தனை அணைக்கதவு, எப்போது திறக்கப்படுகிறது, யாருக்குத் தகவல் போகிறது என்பவை முழுக்க முழுக்க மனிதரின் விஷயங்கள்.

எஞ்சியிருப்பது நியாயத்தின் கேள்வி. அதில் வாசலில் நிற்பவர் சொல்வதே சரி. இலங்கையர் ஒருவர் ஓர் ஆண்டில் விடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன். உலகச் சராசரி நான்கு தொன்னுக்கு மேல். அமெரிக்கர் ஒருவருக்குப் பதினான்கு தொன் அளவில் வரும். இந்தக் கடனை மீனவரின் எஞ்சின் மண்ணெண்ணெயில் தேடுவது அநியாயம். ஆனால் கடன் யாருடையது என்ற கேள்வியே, கடன் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் எழும். வெப்பமாற்றமே கட்டுக்கதை என்பவர், இழப்பீடு கேட்கும் உரிமையையும் சேர்த்துக் கைகழுவிவிடுகிறார். எரிப்பவர்களுக்கு இதைவிட வசதியான வாதம் இல்லை.

சம்பூரைப் பார்த்தால் சந்தேகம் எங்கே வேலை செய்யும் என்று தெரியும். 2006 இல் போரால் பெயர்க்கப்பட்ட மக்களின் ஊர் அது; பலர் கிளிவெட்டி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். அங்கே 500 மெகாவாட் நிலக்கரி அனல் மின் நிலையத்துக்கு இந்தியாவுடன் ஒப்பந்தம் ஆனது. எதிர்த்தவர்கள் "இயற்கை அன்னை" என்று பேசவில்லை. குடாவுக்குள் விடப்படும் சுடுநீர் எவ்வளவு, சாம்பலை எங்கே கொட்டுவீர்கள், மீன்பிடிக்கு என்ன ஆகும் என்று மதிப்பீட்டு அறிக்கையைப் பக்கம் பக்கமாகக் கேட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2016 செப்டெம்பரில் திட்டம் கைவிடப்படுவதாக அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது. அரசியல் காரணங்களும் அதில் இருந்திருக்கும். எந்தத் திட்டத்தில் இல்லை?

இப்போது அதே சம்பூரில் சூரிய மின் நிலையம். 2025 ஏப்ரலில் தொடக்க நிகழ்வு நடந்தது. புகை இல்லை என்பதால் கேள்வியும் இல்லை என்று ஆகாது. அதே ஆண்டில் முத்துநகர் விவசாயிகள், சூரிய மின் திட்டங்களுக்காகத் தாங்கள் பயிரிட்ட நிலத்திலிருந்து வெளியேற்றப்படுவதாகச் சொல்லி மாவட்டச் செயலகத்தின் முன்னால் அமர்ந்தார்கள். அவர்கள் வெப்பமாற்றத்தை மறுக்கவில்லை. பச்சை மின்சாரம் ஏன் நெல்வயலின் மேல் வர வேண்டும், தரிசு இல்லையா என்று கேட்டார்கள். பெரிய திட்டங்களுக்கான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்றும், அதன்மேல் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு என்றும் தேசிய சுற்றாடல் சட்டம் சொல்கிறது. பிரதேச செயலகத்தில் அந்தக் கோப்பு பெரும்பாலும் தூசு தட்டப்படாமலே இருக்கும். நிலத்தின் பழைய பெயர், வாய்க்காலின் போக்கு, எந்த மாதத்தில் எந்தக் கரையில் மீன் நிற்கும் என்பவை எல்லாம் அதில் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கக்கூடியவர்கள், கூட்டம் முடிந்து வாசலில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்பவர்கள்தான்.